இரண்டு தட்டினால் போகலாம்

அந்த மருத்துவமனையின் நிலவறையில் வண்டியை நிறுத்த நாங்கள் முதன்முதலாக இறங்கியது நல்ல பட்டப்பகலில். சரிவில் இறங்க இறங்க வெயில் எங்களை விட்டுப் பின்தங்கியது. ஈரச் சுவர் வாடையும் பழைய எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தன. எங்கோ ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை இறக்கி மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, லாரி ஷெட்டே இதைவிட மணமாக இருக்கும் என்றார். பின்சீட்டில் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு நிறைமாதம்.

அங்கிருந்த காவலாளி எங்கள் வண்டி எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே விலகிப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். மகளையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தன் கையால் வீட்டுக்கு ஓட்டிவர வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அதற்காகவே அந்தக் காரை வாங்கினேன். ஒருவர் ஓட்டிக் கைமாறிய வண்டி. ஆனால் புதுமாதிரி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும்.

வண்டிக்கும் மாமாவுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துகொள்ளும். வண்டி செத்துவிட்டது என்று மனிதர் நடுரோட்டில் இறங்கி பானெட்டைத் திறந்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எதையோ அழுத்தி சீட்டைச் சூடாக்கிக்கொண்டு, காய்ச்சல் வந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுப் படுத்தார். வண்டிக்குள் பேசும் பெண்குரலோடு தினம் சண்டை. இடப்பக்கம் திரும்பு என்று அவள் சொன்னால், ரோடு போட்ட காலத்திலிருந்து இந்தப் பக்கம் ஓட்டுகிறேன், நீ எனக்குச் சொல்கிறாயா என்று வலப்பக்கம் திரும்புவார். எஞ்சினை அணைக்காமலே இறங்கி நடந்துவிடுவது வாடிக்கையாகிப் போனது. சத்தமே வராத வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்பார்.

என் மனைவி நகப்பூச்சை எடுத்து, வண்டியை நிறுத்திவைக்கிற பட்டன்மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். இறங்குவதற்கு முன்னால் இதை அழுத்த வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். இன்னொரு தடவை மறந்தால் சாவி தன் கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னாள். மாமாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் வண்டி பின்னால் போகும்போது நடந்தது மட்டும் சிரிக்கிற விஷயமாக இல்லை.

ரிவர்ஸ் போட்டால் போதும், எதிரே திரையில் பின்பக்கம் தெரியும். இடிப்பதுபோல் எதுவும் இருந்தால் வண்டி பீப் பீப் என்று கத்தும், கேட்காவிட்டால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். எங்கள் வண்டி எந்நேரமும் கத்தியது. காலி மைதானத்தில் கத்தியது. எங்கள் வீட்டு வாசலில், பின்னால் ஒரு காக்கை கூட இல்லாதபோது, கத்திக்கொண்டே பிரேக் போட்டு எல்லோரையும் முன்னால் தள்ளியது. இது பயந்தாங்கொள்ளி வண்டி மாப்பிள்ளை என்று மாமா கேலி செய்தார்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் திரையைப் பார்த்தேன்.

கீழ்விளிம்பில் இரண்டு கால்கள். தரையில் உட்கார்ந்து நீட்டிய கால்கள். சாம்பல் நிறப் பேண்ட். ஒரு காலில் ஷூ இருந்தது, மற்றதில் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பின்னால் யாரும் இல்லை. கேமராவில் அழுக்கு என்று சொல்லி எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டு துடைத்துவிட்டு வந்தேன். கால்கள் அப்படியே இருந்தன. நிறைமாதக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். லிப்ட் கதவின் சென்சார் ஆள் இருக்கிறார் என்றால் ஆள் இருப்பார், அதை நம்பித்தான் நான் பிழைக்கிறேன். அன்று அந்த நம்பிக்கையை வசதியாக மறந்தேன்.

மறுநாள் மாமா என் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து கேமராவின்மேல் ஒட்டிவிட்டார். கத்துகிற சத்தத்தையும் தானாகப் போடும் பிரேக்கையும் பட்டன்களைத் தட்டித் தட்டியே அணைத்துவிட்டார். அந்த வண்டியில் அவர் யாரிடமும் கேட்காமல் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

பழைய முறைதான் முறை என்றார். லாரி பின்னால் போகும்போது ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஓர் ஆள் நின்று தகரத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போகலாம். கண்ணாடியையும் நம்பாத மனிதர், திரையையும் நம்பாத மனிதர், தகரத்தில் விழும் கையை மட்டும் நம்பினார். நான் ஓட்டும்போது அவர் பின்னால் நின்று தட்டுவார். விரலில் கனத்த செம்பு மோதிரம் உண்டு. தட்டும்போது கை விழும் சத்தத்தோடு ணங்கென்று ஒரு சத்தமும் வரும்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோதும் அதே நிலவறை. எல்லாம் சரியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமா சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே வண்டிக்கு நடந்தார். இரண்டு பக்கமும் கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவ்வளவு பெரிய வயிற்றோடு அவளால் இடுக்கில் புகுந்து ஏற முடியாது. வண்டி வெளியே வந்ததும் ஏறிக்கொள்ளட்டும் என்று, எதிரே இருந்த தூண் ஓரமாக அவளை நிறுத்தினேன். நான் பின்னால் நின்று வலது உள்ளங்கையை டிக்கியின்மேல் வைத்தேன்.

இரண்டு தட்டு. வண்டி மெல்லப் பின்னால் வந்தது.

அவள் செருப்பின் வார் கழன்றது. அதை மாட்ட, தூணைப் பிடித்தபடி வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் குனிந்தாள்.

ஒரு தட்டு. வண்டி நின்றது.

இன்னொரு தட்டு கேட்டது.

நான் என் கையைப் பார்த்தேன். அது தகரத்தின்மேலேயே இருந்தது. நான் எடுக்கவே இல்லை.

வண்டி சீறிக்கொண்டு பின்னால் வந்தது. தோளால் அவளைப் பக்கவாட்டில் தள்ளினேன். அவள் கைகளை ஊன்றி விழுந்தாள். என் வலது கை பம்பருக்கும் தூணுக்கும் நடுவே போய்விட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது, அது என் மணிக்கட்டு என்று புரிய ஒரு நொடி ஆனது. பிறகு வலி வந்தது. கண் இருண்டது. இடது கையால் டிக்கியில் ஓங்கி அடித்தேன். ஒரு தட்டு. நில்.

அதை ஒட்டியே, என் கைக்குக் கீழே, இன்னொரு தட்டு.

சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு இன்னும் இறுக்கியது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. தூண் முழுக்க என் ரத்தம். மறுபடி தட்டினேன். மறுபடி இரண்டாவது தட்டு. என் 'நில்'லை யாரோ 'போ' ஆக்கிக்கொண்டிருந்தார்கள். டிக்கியில் படிந்திருந்த புழுதியில் ஓர் உள்ளங்கை பதிவதை என் கண்ணால் பார்த்தேன். விரல்கள் மேல்நோக்கி இருந்தன. தரையில் உட்கார்ந்திருக்கிறவன் எட்டித் தட்டினால் அப்படித்தான் பதியும்.

எரிந்த ரப்பர் நாற்றத்துக்கு நடுவே, ஆறிப்போன ரத்தத்தின் நாற்றம் ஒன்றும் வந்தது. அது என்னுடையது அல்ல.

என் அலறல் உள்ளே கேட்டிருக்காது, அந்த வண்டியின் கண்ணாடிகள் அப்படி. என் மனைவிதான் எழுந்தாள். வண்டியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், ஓட்டுநர் கண்ணாடியில் முகத்தை வைத்து அடித்தாள். மாமா அவளைப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். அவர் கை ஹேண்ட்பிரேக்கைத் தேடியதாம், அவள் பிறகு சொன்னாள். லாரியில் அது இருக்கும் இடத்தில் இந்த வண்டியில் டம்ளர் வைக்கிற குழிதான் இருந்தது. எஞ்சின் தானாக அணைந்து சத்தம் நின்றது. வண்டி நின்றுவிட்டது என்று நம்பி, அவளையும் விலக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்.

சிவப்புப் பொட்டை அழுத்தவில்லை.

பம்பரின் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. என் நிலையைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்தது போலானது. தூணுக்கும் வண்டிக்கும் நடுவே இறங்கி, முதுகைத் தூணில் கொடுத்து, இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளி, என் கையை விடுவித்து என்னை வெளியே உதைத்துத் தள்ளினார்.

அப்போது கீழே இருந்தவன் தட்டினான். நிதானமாக. ஒன்று. இரண்டு.

ஓட்டுநர் சீட்டில் ஆள் இல்லை. எஞ்சின் உறுமியது. வண்டி அவர் நெஞ்சில் ஏறியது.

தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் விலா எலும்புகள் உடைந்ததைக் கேட்டேன். வாயிலிருந்து வந்த ரத்தம் டிக்கியின்மேல் கொட்டியது. அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, மோதிரக் கையைத் தூக்கி ஒரே ஒரு தட்டு தட்டினார். ணங். உடனே அருகில் மோதிரமில்லாத இரண்டாவது தட்டு. வண்டி இன்னும் இறுக்கியது. மறுபடி ணங். மறுபடி இரண்டாவது. சாகும்வரை அந்த மனிதர் நில், நில் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

திறந்து கிடந்த கதவுக்குள் என் மனைவி வயிற்றோடு பாதி உடம்பை நுழைத்து, நகப்பூச்சு வைத்த பட்டனைக் குத்தினாள். வண்டி அடங்கியது.

மாமாவின் தலை டிக்கியின்மேல் சாய்ந்திருந்தது. நான் தவழ்ந்து பக்கத்தில் போனேன். உயிர் இருந்தது.

"நான் ஒண்ணுதான் தட்டினேன், மாப்பிள்ளை," என்றார்.

அதோடு முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே மேல்மாடியில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காவலாளி என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று அழுதார். இதே வண்டி, இதே தூண் என்றார். போன வருடம் இதன் பழைய சொந்தக்காரர் ஓட்ட, அவருடைய தம்பி பின்னால் நின்று வழி காட்டினாராம். தம்பி நில் என்று தட்டத் தட்ட, உள்ளே பாட்டை அலறவிட்டிருந்த அண்ணன் கேட்கவே இல்லையாம். வண்டியை முன்னால் எடுத்தபோது தம்பி தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தபடி இறந்திருந்தாராம். ஒரு ஷூ வண்டிக்கடியில் கிடந்ததாம். அன்றே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

காரை நசுக்கித் தகரமாக்கச் சொல்லி, என் தம்பியைப் பக்கத்தில் நிற்கவைத்து, நசுக்கி முடித்தபின் எனக்குப் போனில் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான்.

வீட்டுக்குக் கிளம்பிய நாளில் வாடகைக் கார் சொன்னேன். நிலவறைப் பக்கமே வரக்கூடாது, வாசலில்தான் நிற்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். நல்ல வெயில். ஓட்டுநர் நரைத்த மனிதர், அவரும் லாரியில் இருந்தவராம். என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் ஆம்புலன்ஸ் நின்றதால், கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஓட்டுநர் ரிவர்ஸ் போட்டார்.

டிக்கியில் ஒரு தட்டு விழுந்தது.

ணங்.

ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். என் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர் பொங்கியது, உதட்டில் சிரிப்பு வந்தது. மாமா எங்களை விட்டுப் போகவில்லை, பேத்தியை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்று நினைத்தேன். யாரோ மூதாட்டி ஒருத்தி ஊன்றுகோலோடு எங்கள் வண்டிக்குப் பின்னாலிருந்து மெல்ல நடந்து விலகினாள்.

பிறகு, பின்னால், தாழ்வாக, இரண்டு தட்டு.

மோதிரச் சத்தம் இல்லை.

"ஆள் ரைட் குடுத்துட்டாரு," என்று ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"எடுக்காதீங்க," என்றாள் என் மனைவி, குழந்தையை இறுக்கிக்கொண்டு. "அது எங்கப்பா இல்ல."