வெயிலில் கறுத்த தடம்

பொழுது புலர்ந்தபோது, பகான் புத்தர் பகோடாவின் மேடையில் போட்டிருந்த கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் புகைப்படக்காரர் கெவோர்க் மண்டை உடைந்து கிடந்தார். கண்ணாடித் தகடுகளை முக்கியெடுக்கும் வெள்ளித் திராவகம் கவிழ்ந்து தரையில் ஓடியிருந்தது. பிணத்தை மடியில் போட்டு அழுத உதவியாள் காசிமை ஊரார் பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

"கையைப் பாருங்க, கன்னங்கரேல்னு! இவன்தான்!" என்றார் பகோடா தர்மகர்த்தா ஊ ஷ்வே தோ.

"அது தொழில் கறைய்யா, போகவே போகாது!" என்று காசிம் கதறினான்.

ஊர்த்தலைவர் ஊ பியூ காசிமின் முன்னால் வந்து நின்றார். சாயங்காலத்துக்குள் கொலைகாரனை மண்டலே அரசவைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அவன் தலை போய்விடும். தப்பான தலையா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

"உன் முதலாளி கடைசியா யார்கூடப் பேசினாரு?"

"நேத்து தர்மகர்த்தாகிட்டங்க. போன வருஷம் எடுத்த படத்தைக் காட்டி, இந்த மாடத்துல இருந்த புத்தர் சிலை எங்கேன்னு கேட்டாரு."

"பொன் பூசப் போயிருக்கு," என்றார் தர்மகர்த்தா அலட்டிக்கொள்ளாமல். "நான் இன்னிக்குக் கூட்டத்தோட வந்து படிக்கட்டுல நின்னவன். கூடாரத்துக்குள்ள காலே வைக்கல."

உச்சிவேளை. சுண்ணாம்பு பூசிய மேடையில் வெயில் விழ விழ, காலையில் இல்லாத காலடிகள் கூடாரத்திலிருந்து வரிசையாகக் கறுப்பாகக் கிளம்பின. ஊ பியூ குந்தி உட்கார்ந்து பார்த்தார். முன்பாதம் மட்டும் பதிந்திருந்தது. ஓடியிருக்கிறான்.

"காசிம், இங்கேருந்து ஓடணும்னா நீ எப்படி ஓடுவே?"

"இதோ, பக்கத்துலயே படி இருக்கேங்க."

"ஆனா ஓடினவன் அந்தப் படியை விட்டுட்டு, பகோடாவை வலப்பக்கமா வெச்சு முழுசாச் சுத்தியிருக்கான். உசிரைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறப்பவும்! காசிம் தொழுறது பள்ளிவாசல்ல. அவனுக்கு இந்தப் பழக்கம் ஏது? இது நம்ம ஆளு. தர்மகர்த்தா, காலைத் தூக்குங்க."

பாதம் கறுத்திருந்தது.

"நல்லாக் கழுவினேனே..." என்றார் அவர், தன் காலையே வெறித்து.

"கழுவினா போகாதுங்க. அந்தத் திராவகம் வெளிச்சம் பட்டா கறுக்கும்," என்றான் காசிம்.

"ஏன்யா, படி பக்கத்துலதானே இருந்துச்சு?" என்றார் ஊ பியூ.

"புத்தரை இடது கைப் பக்கம் விட்டுட்டு எப்படிப் போறது?" தர்மகர்த்தா நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

"அந்தச் சிலையை விக்கத் தூக்கிட்டுப் போனப்ப எந்தக் கையில வெச்சிருந்தே?"

காசிமின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போய், முதலாளியின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.