அழுத்திச் சொன்ன அரை வரி

மக்காச்சோளக் காட்டில் கொளஞ்சியப்பன் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தத்தோடு ஒரு மண்வெட்டி!

மண்வெட்டி அவன் மச்சான் வேல்முருகனுடையது. மத்தியானத்துக்குள் வேல்முருகன் லாக்கப்பில் இருந்தான்.

அவன் மனைவி சிந்தாமணி ஸ்டேஷனுக்குள் பாய்ந்தாள். செத்தவனின் தங்கை.

"யாரைக் கேட்டு எம் புருஷனைப் புடிச்சீங்க?"

இன்ஸ்பெக்டர் ஜெயசீலன் நிமிரவே இல்லை.

"மண்வெட்டியைக் கேட்டும்மா."

எதிர் பெஞ்சில் அரியமுத்து. பக்கத்துக் காட்டுக்காரன். பிணத்தை முதலில் பார்த்த சாட்சி. தன் டிராக்டர் போகும் பாதைக்காகக் கொளஞ்சியப்பனோடு ஆறு மாதமாக மல்லுக்கு நின்றவன்.

சிந்தாமணி அவனை முறைத்தாள்.

"அண்ணன் சாகறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணிச்சு சார்!"

ஜெயசீலன் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னான்?"

"மண்வெட்டியால அடிக்கல... அதோட கட்டாயிடுச்சு."

எழுதினார். இழுத்து இழுத்துப் படித்தார்.

"மண்வெட்டியால அடிக்கல... அடியே படலங்கறானா? அப்ப மண்டை எப்படிம்மா பொளந்துச்சு?"

சிந்தாமணி மேஜையில் ஓங்கி ஓர் அறை விட்டாள்!

"பேப்பரை மூடி வச்சுட்டு காதைக் குடுங்க சார்! 'அடிக்கல'ங்கறதுல அழுத்துனா, அடிக்கவே இல்லன்னு அர்த்தம். அண்ணன் அழுத்துனது மண்வெட்டியில! 'மண்வெட்டியால' அடிக்கல...! அப்படின்னா?"

"வேற எதாலயோ..."

சிந்தாமணி சட்டென்று அரியமுத்து பக்கம் திரும்பினாள்.

"எதால? நீ சொல்லுடா!"

அரியமுத்து பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான்.

"பொய்யி! ஸ்பேனரை அவன் எங்க பாத்தான்? நான் பின்னாடிலேருந்துதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஸ்பேனரா?" ஜெயசீலன் மெதுவாக எழுந்தார். "நாங்க யாரும் சொல்லலியேப்பா..."

ஒரு மணி நேரத்தில் அவன் டிராக்டர் டூல்பாக்ஸிலிருந்து வீல் ஸ்பேனர் வந்தது. ரத்தம் சரியாகக் கழுவப்படவில்லை. காட்டில் கிடந்த மண்வெட்டியில் ரத்தத்தைப் பூசியதும் தான்தான் என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்.

"போனைக் குடும்மா. அண்ணன் எத்தனை மணிக்குப் பேசுனான்னு எழுதணும்."

"எங்க பேசுச்சு? அண்ணன் போனு காலையிலேருந்து எங்க வூட்டு டி.வி. மேல சார்ஜ்ல கெடக்கு!"

"என்னது...?!"

"உங்க கேஸே அந்த மண்வெட்டி ஒண்ணுதானே? அதைப் புடிச்சு அழுத்துனேன். பாதி வரி என்னுது. மீதியை அந்த நாயி போட்டுக்கிச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் மட்டும் அடங்கவில்லை.

"இப்ப லாக்கப்பைத் தொறங்க சார். 'இப்ப'ங்கறதுல அழுத்திச் சொல்றேன்!"