சத்தம் கேட்டால் அழுத்துங்கள்

பெட்டிக்குள் யாரும் இல்லை. ஆனாலும் பச்சை விளக்கு எரிந்தது.

கண் சிமிட்டும் நேரம்தான். மெஷினை அணைக்க நீட்டிய அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி, கொக்கியில் தொங்கும் ஹெட்போன், அதன் பக்கத்தில் வயரோடு சுருட்டி மாட்டிய பொத்தான். கடைசியாக வந்த பெரியவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போயாயிற்று. வரவேற்பு மேசைப் பெண்ணும் மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டாள். பொத்தானை அழுத்தினால்தான் விளக்கு எரியும். அழுத்த ஒரு விரல் வேண்டும்.

அவளுக்குக் காது பார்க்கிற வேலை. டாக்டர் இல்லை, டாக்டரிடம் போவதற்கு முன் பார்க்க வேண்டிய ஆள். வருகிறவர்களைப் பெட்டிக்குள் உட்கார வைப்பாள். பெட்டி என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்வது சத்தம் புகாத அந்தச் சின்ன அறையை. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச், கனத்த கதவு, ஒரு பக்கம் தடித்த கண்ணாடி. ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா அழுத்துங்க, எவ்வளவு மெதுவா கேட்டாலும் அழுத்துங்க" என்று பொத்தானைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, மெஷினிலிருந்து ஓசைகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் அழுத்துவார்கள், இவள் பக்கம் பச்சை விளக்கு எரியும். எரிய எரிய ஓசையைக் குறைத்துக்கொண்டே போவாள். அப்புறம் வார்த்தைச் சோதனை. மரம், கதவு, பூட்டு என்று மைக்கில் சொல்லச் சொல்ல உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் அட்டையை இறக்கிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளைத் தேடி வருகிற கிழவர்கள் உண்டு.

சாயங்காலம் மெஷினை அணைக்கும் முன் ஓசையைக் கடைசி வரை குறைத்து வைப்பது அவளுக்கு வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. மைக்கைத் திறந்து காலிப் பெட்டியைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்பாள். காலையில் வீட்டைப் பூட்டும்போது சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்குவது பழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்துவிட்டாள், என்ன செய்வது. முதல் தடவை விளையாட்டாகத்தான் சொன்னாள். பிறகு அதைச் சொல்லாமல் கிளம்பினால் எதையோ மறந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது.

அன்றைக்கு அதைச் சொல்லி முடித்ததும்தான் விளக்கு எரிந்தது; அவள் கிளம்பவில்லை. வயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓர் ஓசையை அனுப்பிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. ஓசை அனுப்பாமல் சும்மா இருந்தாள். விளக்கும் சும்மா இருந்தது. மறுபடி அனுப்பினாள், எரிந்தது. குறைத்தாள், எரிந்தது. பூஜ்ஜியம் வரை இறக்கினாள். இளம் பிள்ளையின் நல்ல காதுக்கே எட்டியும் எட்டாமலும் இருக்கும் சத்தம் அது. எரிந்தது. மெஷின் பூஜ்ஜியத்துக்கும் கீழே கொஞ்சம் இறங்கும். அந்த இடத்தில் விளக்கு எரிந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கேயும் எரிந்தது. அவசரமில்லாமல், கவனமாக, ஒவ்வோர் ஓசைக்கும் தவறாமல் எரிந்தது. அவள் பையை வாரிக்கொண்டு ஓடினாள். மெஷினை அணைத்தோமா என்று தெருவுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள்.

ரிப்பேர்காரர் வந்தார். பொத்தானை மாற்றினார், வயரை மாற்றினார், மெஷினைக் கழற்றி ஊதித் துடைத்துத் திரும்ப மாட்டினார். மெஷின் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். அவள் கவலையைக் கழற்றித் துடைக்க அவரிடம் கருவி இல்லை.

அதற்குப் பிறகு பயம் அவளோடு வீட்டுக்கே வந்துவிட்டது. விளக்கை அணைக்காமல் படுத்தாள். மாடி வீட்டு நாற்காலி தரையில் உரசும் சத்தம், குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தம், ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டுச் சட்டென்று அடங்கும்போது அதன் பின்னால் திறந்துகொள்ளும் அந்தப் பெரிய அமைதி, அந்த அமைதிக்குள் தன் காதிலேயே இரத்தம் ஓடும் இரைச்சல், அதற்கும் அடியில் வேறு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோன்ற ஒரு கனம். நெஞ்சு படபடவென்று அடிக்கும். எழுந்து உட்கார்ந்து, யாரிடம் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பாள். சொல்ல யாராவது இருந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

அக்கா இருந்தாள், வேறு ஊரில், மூன்று பிள்ளைகளோடும் முழங்கால் வலியோடும். நாள் தவறாமல் சாயங்காலம் இவள் வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்கு அழைப்பாள். இவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு சாமான்களை எடுத்து வைப்பாள். சாப்டியா, குடை இருக்கா, கதவை நல்லாப் பூட்டு. அக்காவுக்கு 'ம்' என்றால் போதும். அந்த 'ம்'-ல் எப்போதாவது வித்தியாசம் தெரியுமா என்று இவளும் காத்திருந்து பார்த்திருக்கிறாள். தெரிந்ததில்லை.

தப்பு வேலையில் வந்தது. பச்சை விளக்கைப் பார்க்கவே பயந்து, பாராமல் பார்த்து, பாட்டு சொல்லித்தரும் ஒரு அம்மாவின் நல்ல காதைப் பாதிச் செவிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா காது டாக்டரின் அறையில் உட்கார்ந்து அழுதாராம். முதலாளியம்மா கூப்பிட்டு, கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"உடம்பைப் பாரும்மா. மனசுக்குன்னு டாக்டர் இருக்காங்க, போய்ப் பாரு. சரியாகலன்னா கொஞ்ச காலம் வீட்டுல இரு."

வீட்டில் இரு. அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது. நாலு பேர் முகத்தைப் பார்ப்பதும் நாலு வார்த்தை பேசுவதும் அந்த வேலையில்தான். அது போனால் அவள் குரலே அவளுக்கு மறந்துபோகும்.

மனநல டாக்டர் அவள் வயதுக்காரிதான். மேசையில் பாதி குடித்த காபி ஆறிக்கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னாள், "போயிட்டு வரேன்" உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எது பயம்? அங்க யாரோ இருக்காங்கங்கிறதா?"

அவள் யோசித்தாள். "அங்க யாரோ இருக்காங்கன்னும் பயமா இருக்கு டாக்டர். வீட்டுல யாரும் இல்லன்னும் பயமா இருக்கு."

டாக்டர் சீட்டை இழுத்து எழுதினாள். காலையில் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. தானாக நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது.

"முதல்ல பயத்தை இறக்குவோம். பயம் போனதுக்கப்புறமும் விளக்கு எரிஞ்சா உடனே என்கிட்ட வாங்க. அது வேற விஷயம்."

மருந்துக்கடையில் கூட்டம். கடைக்காரர் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, அந்தப் பதட்டத்துக்குப் போடுற மாத்திரை எந்த ரேக்கில் என்று ஊருக்கே கேட்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு என்றாள். பாவம் அக்கா, முழங்கால் வலி போதாதென்று இதையும் சுமந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. ஒரே நாளில் இல்லை; பொங்கி வரும் பாலில் தண்ணீர் தெளித்தாற்போல், தெளிக்கத் தெளிக்க, நெஞ்சு அடங்கியது. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள். பசித்தது. பச்சை விளக்கை நேராகப் பார்த்து வேலை செய்தாள். பாட்டு அம்மாவைத் திரும்ப வரவழைத்து, சோதித்து, மன்னிப்புக் கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியம்மா முதுகைத் தட்டினார். சாயங்கால வழக்கங்கள் இரண்டையும் அவள் விட்டுவிட்டிருந்தாள். அது ஒன்றுதான் கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

மழைபெய்த ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மெஷினை அணைக்கப் போனவளின் கை தானாகவே ஓசையைக் கடைசிவரை இறக்கி அனுப்பியது.

விளக்கு எரிந்தது.

அவள் காத்திருந்தாள், நெஞ்சு படபடக்கும் என்று. படபடக்கவில்லை. சரி, எரிகிறது என்று மட்டும் தோன்றியது. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. அதில் அவசரம் இல்லை. மெஷினில் சந்தேகம் வந்தால் தானே ஹெட்போனை மாட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் தொழில். நாற்காலி முதுகில் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டிக்குள் போய், வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பாஞ்சின் பழைய வாடை, யார் யாருடையதோ தலை எண்ணெய் வாடை, காதுக்குள் தன் இரத்தத்தின் இரைச்சல். ஹெட்போனை மாட்டினாள். பொத்தானைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அது புரிந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே ஓசை அனுப்ப ஆள் யார்?

வலது காதில் ஓர் ஓசை கேட்டது.

பழக்கதோஷம். கட்டைவிரல் அழுத்திவிட்டது.

அடுத்தது இன்னும் மெதுவாக. அழுத்தினாள். இன்னும் மெதுவாக. அழுத்தினாள். ஒருமுறை தவறவிட்டாள், ஓசை ஒரு படி ஏறி வந்தது. அவள் செய்வது போலவே. இடது காது. நிதானமான கை. தெரிந்த கை.

ஓசைகள் நின்றன. மைக் திறக்கும் 'டக்'. ஒரு மூச்சு.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

மேசை விளக்கின் வெளிச்சத்தில், அவள் நாற்காலியில், அவள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கு முன்னால் வெள்ளை அட்டை.

"மரம்," என்றது காதில் குரல்.

"மரம்," என்றாள் அவள்.

"கதவு."

"கதவு."

"பூட்டு."

அவளுடைய குரல். இத்தனை வருஷமாக இந்த மைக்கில் அவள் பேசிய குரல். இந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட குரல்.

எழுந்திரு என்று மூளை சொன்னது. கதவைத் திற, ஓடு. சரி, ஓடலாம் என்று தோன்றியது. கால் அசையவில்லை. ஓடுவதற்குப் பயம் வேண்டும். பயமே வா என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். இத்தனை நாள் கூடவே படுத்துக் கூடவே எழுந்த அந்த ஒரே துணையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. நெஞ்சு நிதானமாக, ஆரோக்கியமாக, அடித்துக்கொண்டிருந்தது.

மேசைமேல் போன் அடித்தது. ஸ்பீக்கர். மைக் திறந்தே இருந்ததால் பெட்டிக்குள்ளும் கேட்டது.

"சாப்டியா?" அக்கா.

"ம்," என்றது அது.

"குடை இருக்கா?"

"ம்."

அக்கா ஒரு கணம் பேசாமலிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லு அக்கா. இது அவ இல்லன்னு சொல்லு.

"இப்பத்தான்டி உன் குரல் நல்லா இருக்கு," என்றாள் அக்கா. "ரொம்ப நாளைக்கப்புறம். கதவை நல்லாப் பூட்டு."

போன் அடங்கியது. அட்டை மெல்ல இறங்கியது. அந்தச் சிரிப்பு. கிழவர்கள் தேடிவரும் அதே சிரிப்பு. போனைப் பைக்குள் போட்டது. மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டது. பையைத் தோளில் மாட்டியது. பிறகு குனிந்து, காலிப் பெட்டியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தது.

"போயிட்டு வரேன்."

மைக் மூடியது. மெஷினும் அணைந்தது. மேசை விளக்கும் அணைந்தது. ஸ்பாஞ்சுச் சுவரையும் தாண்டி, வெளிக்கதவின் பூட்டு கேட்டது. லிஃப்ட். அப்புறம் எதுவுமில்லை.

இருட்டு. ஸ்பாஞ்ச் வாடை. இரத்தத்தின் இரைச்சல்.

கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அணைத்துவைத்த மெஷினில், பச்சை விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் காலி நாற்காலி தெரிந்தது. மறுபடி அழுத்தினாள். எரிந்தது. மறுபடி.

பார்க்க அங்கே யாரும் இல்லை.