ஒதீலின் வழக்கு

ஷெரீபின் ஆள் கெசையாவை விடுதியின் பின்வாசலில் விட்டுவிட்டுப் போனபோது, மிசிசிப்பி ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி செயின்ட் லூயிஸ் தெருக்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. தான் அடிமையல்ல என்று அவள் வழக்குப் போட்டிருந்தாள். ஆற்றின் அக்கரையிலுள்ள இல்லினாய் மாநிலத்தில் அடிமைத்தனம் செல்லாது. எசமான் அவளை அங்கே குடிவைத்து வருஷக்கணக்கில் வேலை வாங்கியிருந்தார். தீர்ப்பு வரும்வரை இந்த விடுதியில் துணி வெளுக்க வேண்டுமென்று கோர்ட்டின் உத்தரவு.

"வாங்க மகாராணி! எசமானையே கோர்ட்டுக்கு இழுத்தவ நீதானா?" என்று சோள ரொட்டியை நீட்டினாள் சமையற்காரி லுசிண்டா.

"இழுத்துட்டேன் அக்கா. கடைசியில யாரு யாரை இழுத்துட்டுப் போறாங்களோ!"

லுசிண்டாவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அப்படிச் சொல்லாதடி. உனக்கு முன்னாடி இங்க ஒதீல்னு ஒருத்தி இருந்தா. அவளும் வழக்குப் போட்டவதான். தீர்ப்புக்கு முன்னாலயே விலங்கு மாட்டிப் படகுல ஏத்திட்டாங்க, தெக்க கொண்டுபோய் விக்க. விலங்கோடயே ஆத்துல குதிச்சிட்டா."

மறுநாள் அந்திவரை வெளுப்பறையில் கொப்பரை கொதித்தது. ஆவி கூரையை முட்டித் திரும்பியது. காரமான சவுக்கார நெடிக்கு நடுவே வேறொரு வாடை மெல்ல வந்தது.

ஆற்றுச் சேற்றின் வாடை.

ஆவிக்கு அப்பால் யாரோ துணி பிழிந்தார்கள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நீயா?"

லுசிண்டாவின் பாட்டு தூரத்தில், சமையலறையிலிருந்து கேட்டது.

சொட்டும் சத்தம் நெருங்கியது.

அதே நேரம் சந்துப் பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. "கெசையா, வக்கீல் கூப்பிடறார். வண்டி நிக்குது, சீக்கிரம் வா."

அந்தக் குரலை அவள் அறிவாள். எசமானின் மகன் பிராக்ஸ்டன். வக்கீல் அனுப்பிய வண்டியல்ல அது. படகுத்துறைக்குப் போகும் வண்டி. கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தே நெம்பப்பட்டது. அலற வாய் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

ஈரமான கை. பனிக்கட்டி போன்ற விரல்கள். மணிக்கட்டில் கிடந்த இரும்பு வளையம் அவள் கன்னத்தை உரசியது.

"சத்தம் போடாத," என்று காதருகே ஒரு மூச்சு. "நான் போறேன்."

தோளிலிருந்த சால்வை தானாக நழுவியது. அதைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி அவளைக் கடந்து போனாள். முகம் தெரியவில்லை. வாசலில் நின்று பேசினாள். கெசையாவின் குரலிலேயே பேசினாள்.

"வந்துட்டேன் ஐயா."

வண்டி நகர்ந்தது. சக்கரச் சத்தத்தோடு சங்கிலி இழுபடும் ஓசையும் பனிக்குள் தேய்ந்தது. கெசையா கொப்பரையருகே சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் வண்டியைப் படகுத்துறை மேட்டில் கண்டார்கள். குதிரை நுரை தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. பிராக்ஸ்டன் இருக்கையிலேயே செத்திருந்தான். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வாய் நிறைய ஆற்றுச் சேறு. அவன் மணிக்கட்டில் துருப்பிடித்த பழைய விலங்கு பூட்டிக் கிடந்தது. அதற்குச் சாவி யாரிடமும் இல்லை.

வழக்கு எடுக்கப்பட்ட நாளில் குமாஸ்தா கெசையாவின் பேரைக் கூப்பிட்டான். "இருக்கேன் ஐயா," என்றாள். ஜூரிகள் கலந்து பேசித் திரும்பினார்கள். அவள் சுதந்திரமானவள் என்றார்கள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கிடையில் சிரித்தாள்.

அப்போதுதான் அறை சில்லிட்டது.

"என் பேரை எப்போ கூப்பிடுவீங்க?"

கெசையாவின் உதடுகள் அசையவில்லை. ஆனால் குரல் அவளுடையது. நீதிபதி நிமிர்ந்தார். குமாஸ்தா அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்தவன் அவன். அந்தப் பேரை அவன் கேட்டதே கிடையாது. ஆனாலும் அவன் வாய் திறந்தது.

"ஒதீல்!"

கடைசி பெஞ்சிலிருந்து யாரோ எழுந்தார்கள். சங்கிலி தரையில் உரச, உரச, முன்னால் வரும் சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள்.