மூலை தேய்ந்த கார்டு

பள்ளிக்கூட பேஸ்போல் அணியில் சுதர்ஷினிக்கு மூன்றாவது பேஸ் என்னும் மூலையைக் காக்கும் வேலை. மட்டையில் பட்ட பந்து அந்தப் பக்கம் சீறிக்கொண்டு வரும். அவள் சேர்த்த, வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளிலும் மூன்றாவது பேஸில் நின்று பெயர் பெற்ற வீரர்கள்தான் இருந்தார்கள். கொரியாவில் வேலை செய்யும் சுதாகரன் சித்தப்பா அவற்றை வாங்கி அனுப்புவார். ஒரே ஒரு பழைய கார்டுக்காக அவர் ஏறாத கடை இல்லை. அது கிடைக்கவே இல்லை.

ஒருநாள் இடைவேளையில், அதே அணியில் விளையாடும் அவளுடைய கூட்டாளி நூரியா ஒரு கார்டை நீட்டினாள். நூரியாவின் வாப்பா பெல்மதுளை நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார்.

"கடைக்கு வந்த பழைய வெளிநாட்டுக் கோட் ஒன்னுட பொக்கட்ல இருந்திச்சி. இது யாருடி?"

மஞ்சளேறிய அட்டை. தேய்ந்த மூலைகள். முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்கும் ஒரு வீரர். சித்தப்பா தேடி அலைந்த, போனில் படம் காட்டிய அதே கார்டு!

சுதர்ஷினி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"யாரோ ஒருத்தர். மூலையெல்லாம் தேஞ்சு போச்சே! வேணும்னா இதை எனக்குக் குடு. பளபளன்னு மூணு கார்ட் தர்றேன்."

"மூணா?" நூரியாவின் கண்கள் அகல விரிந்தன.

அன்று மாலை போனில் கார்டைப் பார்த்த சித்தப்பா துள்ளிக் குதித்தார்.

"அடேயப்பா! யாரும்மா குடுத்தாங்க?"

"என் கூட்டாளி."

"இதோட அருமை தெரிஞ்சுமா குடுத்துச்சு? தங்கமான புள்ள!"

"கவரேஜ் இல்ல சித்தப்பா, கேக்கல!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். போன் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் நூரியா வகுப்பு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "சுதர்ஷினிக்கு நல்ல மனசு. ஒரு தேஞ்ச கார்டுக்கு மூணு தந்தா!" போதாததற்கு, உம்மா செய்த இனிப்பு வட்டிலப்பத்தில் பாதியை வெட்டி அவளிடம் கொடுத்தாள்.

சுதர்ஷினிக்கு மிகவும் பிடித்த வட்டிலப்பம். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் துணிக்கடைக்குப் போனாள். கார்டை நூரியாவின் முன்னால் வைத்தாள்.

"இது ரொம்ப அரிய கார்ட். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் உன்னை ஏமாத்தினேன்."

நூரியா கார்டை எடுத்து உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புதிய கார்டுகளை எடுத்து வந்தாள். இரண்டுதான் இருந்தன.

"மத்தத தம்பி கிழிச்சிட்டான். இதக் கொண்டு போ."

"பரவாயில்ல நூரி, நீயே வச்சுக்க."

"எனக்கு வாணாம்." அவள் குரல் உடைந்தது. "நான் எல்லாருக்கிட்டயும் உன்னப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொன்னேன்!"

சுதர்ஷினி அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி அழுதாள். வாங்கிய கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். சொன்ன பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது?

அதன்பின் பல நாட்கள் நூரியா அவளோடு பேசவில்லை. பயிற்சியின்போது மட்டும் சுதர்ஷினி எறியும் பந்தை முதலாவது பேஸில் நின்று பிடிப்பாள். பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு மழை நாளில் பயிற்சி பாதியில் நின்றது. கூரையோரம் ஒதுங்கி நின்ற சுதர்ஷினியிடம் நூரியா வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கார்டு இருந்தது.

"எனக்கு இன்னும் கோபம்தான்," என்றாள்.

"தெரியும்."

"ஆனா இவர் ஏன் இவ்வளவு குனிஞ்சி நிக்கிறார்? வேற யாருக்கும் சொல்லத் தெரியல்ல."

"நிமிர்ந்து நின்னா தாழ்ந்து வர்ற பந்து அவரைத் தாண்டிப் போயிரும்ல? அதான்," என்றாள் சுதர்ஷினி. "பேரு, ஊரு எல்லாம் சொல்லவா?"

"ம்... பொய்யில்லாமச் சொல்லு."

மழை விடும்வரை சொன்னாள். கார்டு நூரியாவின் கையிலேயே இருந்தது. சுதர்ஷினி அதைத் தொடவில்லை. இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.