கழுகுப்பாறை உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி

உச்சிக்குப் பாதி வழி இருக்கும்போதே இசக்கிமுத்து கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். வழிகாட்டியாக வந்தவன் அவன். ஜெசிந்தா துணியைக் கிழித்துக் கணுக்காலில் கட்டிவிட்டாள். தடியூன்றி அடிவாரத்துத் தேடுதல் முகாமுக்கு இறங்கிவிடுவதாகச் சொன்னவன், அவளையும் திரும்பிவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் பையை மாட்டிக்கொண்டு தனியே ஏறினாள்.

மலைக்கு அப்பால் எங்கோ அவள் கணவன் ரூபன் இருந்தான். காட்டுக்குள் மறைந்துகிடக்கும் பழைய கல்மண்டபத்தைத் தேடிப் போனவன், மழைக்குப் பின் திரும்பவேயில்லை. தேடப் போனவர்கள் கிழக்கு ஓடையோரம் அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்டில் எங்குமே போனில் சிக்னல் கிடையாது. ஆனால் ரூபனிடம் எழுத்தில் செய்தி அனுப்பும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தது. நடுவில் நின்ற கழுகுப்பாறைதான் அதன் அலைகளை மறித்தது. உச்சியில் இன்னொரு ரேடியோவை வைத்தால் அந்தப் பக்கத்துச் செய்தியை வாங்கி, முகாமிலும் தேடுபவர்களிடமும் இருந்த ரேடியோக்களுக்கு அனுப்பும்.

செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் ஜெசிந்தா. வெயிலில் ஓடும் அந்த ரேடியோவுக்கு ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்றைக் கடையிலிருந்த 3டி பிரிண்டரில் அச்சடித்து, சூடு ஆறுமுன் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். எதையும் பொருத்திப் பார்க்க நேரமில்லை.

உச்சியில் மூடுபனி. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. பெட்டியைத் திறந்து ரேடியோவின் சர்க்யூட் பலகையை உள்ளே வைத்தாள். இறங்கவில்லை! ஒரு நூல் அளவு குறுகலாக அச்சாகியிருந்தது. பிளாஸ்டிக் விளிம்பைப் பாறையில் உரசி உரசித் தேய்த்தாள். விரல் நுனிகள் எரிந்தன. பலகை உள்ளே போனதும், ஆன்டெனாவை முதலில் முறுக்கினாள். அதில்லாமல் மின்சாரம் கொடுத்தால் ரேடியோ கருகிவிடும். பிறகு பேட்டரியையும் சோலார் தகட்டையும் இணைத்து மூடியைத் திருகினாள்.

விளக்கு எரியவில்லை. பேட்டரியில் சார்ஜ் இல்லை. வெயில் வரவேண்டும்.

தகட்டில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தாள். ரூபன் உயிரோடு இல்லையென்றால் இந்தப் பெட்டி எதற்கு என்ற நினைப்பு வந்தது. அதை மட்டும் துடைக்க முடியவில்லை.

மதியம் தாண்டிப் பனி விலகியது. பச்சை விளக்கு சிமிட்டியது. சற்று நேரத்தில், சிக்னல் இல்லாமலே அந்த ரேடியோவோடு இணைத்திருந்த அவள் போனில் ஒரு வரி வந்தது.

“யாராவது இருக்கீங்களா?”

“இருக்கேங்க. ஜெசி,” என்று அனுப்பினாள்.

மேற்கு ஓடையில், கால் எலும்பு முறிந்து கிடப்பதாகப் பதில் வந்தது. உடனே முகாமுக்குச் செய்தி அனுப்பினாள். தேடுபவர்கள் மேற்கே திரும்பினார்கள். வேலை முடிந்ததென்று அவள் இறங்கியிருக்கலாம். ஆனால் ரூபன் இன்னொன்று கேட்டிருந்தான்.

“உன்கூட யாரு இருக்கா?”

“யாருமில்ல. நீங்கதான்.”

ஆட்கள் அவனை எட்டும்வரை தகட்டை வெயிலுக்குத் திருப்பித் திருப்பி வைத்து, ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் முகாமில் ஸ்ட்ரெச்சரில் அவனைப் பார்த்தாள். மண்டபம் கண்ணில் படவேயில்லை என்றான். பதில் வராது என்று தெரிந்தும் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தானாம்.

“அனுப்பினதாலதான் கிடைச்சீங்க,” என்றாள் ஜெசிந்தா.

பெட்டியை அவள் எடுத்துவரவில்லை. அந்தக் காட்டில் அடுத்து யார் கூப்பிட்டாலும் கேட்பதற்கு ஒன்று இருக்கட்டும் என்று உச்சியிலேயே கட்டிவிட்டு வந்திருந்தாள்.