ஒரு ஓட்டில் தோற்றவன்

எஸ்ரா டோலி ஓட்டுப் போட வந்த வழியிலேயே செத்துக் கிடந்தார்.

ஆற்றங்கரை நாணலுக்குள், குப்புற. பின்மண்டை பிளந்திருந்தது. தொப்பியில் வேட்பாளர் வென்னின் மஞ்சள் ரிப்பன் மட்டும் கசங்காமல் இருந்தது.

கான்ஸ்டபிள் கின்னர்ட் நிமிர்ந்தான். அவன் மச்சினன், படகோட்டி ஜெத்ரோவைப் படகிலிருந்து நாலு பேர் இழுத்துக் கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் கயிறு...

"இவன்தான்யா! டோலியை ஆத்தைத் தாண்ட விடமாட்டேன்னு நேத்து ஹோட்டல்ல கத்தினான்ல?"

"போதையில உளறினேன்... மாமா, நீங்களாவது சொல்லுங்க. அவரை இக்கரையில இறக்கிவிட்டேன், சத்தியமா. யாரோ குதிரையில காத்துக்கிட்டிருந்தாங்க. வெயில் கண்ணுல அடிச்சுது, ஆள் தெரியல."

கின்னர்ட் கூட்டத்துக்குள் புகுந்தான். மனைவிக்கு இவன் ஒரே தம்பி. இவனைத் தூக்கில் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"கயிறைக் கீழ போடு. என்கிட்ட விலங்கு இருக்கு. டாக்டர் முன்னாடி பேசிக்கலாம்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தது.

ஹோட்டல் வராந்தாவில் தேர்தல் அதிகாரி டாக்டர் மெரிக் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போடுவதென்றால் அவர் முன்னால் வேட்பாளர் பேரை உரக்கச் சொல்வதுதான். கதவில் மற்ற தொகுதிகளின் முடிவுகள் ஒட்டியிருந்தன. 1855 தேர்தலில், அந்தப் பக்கத்தில் இந்த டன்வெல் மட்டும்தான் பாக்கி.

"நிலவரம் என்ன டாக்டர்?"

"பிளாக்கெட் இருபத்தேழு. வென் இருபத்தாறு." டாக்டர் கழுத்தைத் துடைத்துக் கொண்டார். "டோலி வந்திருந்தா சமம். சமம்னா முடிவு என் ஓட்டுல. நான் வென் பக்கம்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப டோலி செத்ததுல லாபம் பிளாக்கெட்டுக்கு!" கீழேயிருந்து ஒரு குரல். "ஜெத்ரோ அவன் ஆளு. இன்னும் என்ன யோசனை?"

பிளாக்கெட் பீர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "எனக்கென்னய்யா தெரியும்? என் ஓட்டை எனக்கே போட்டுட்டு, காலையிலேர்ந்து இதே நாற்காலியிலதான் இருக்கேன்."

கின்னர்ட் குனிந்தான். "கடைசியா ஓட்டுப் போட்டது யாரு?"

"வென்தான். இருபத்தாறுக்கு இருபத்தாறுன்னு நின்னுது. குதிரையில பறந்து வந்தார். எல்லார் காதிலயும் விழற மாதிரி 'பிளாக்கெட்'னு சொன்னார்."

"எதிராளி பேரையா?"

"கனவான்கள் தன் பேரைத் தானே சொல்லிக்க மாட்டாங்கப்பா. அதுதான் மரியாதை. பிளாக்கெட்டுக்கு அதெல்லாம் எங்க தெரியுது?"

கின்னர்ட் திரும்பிப் பார்த்தான். படிக்கட்டில் வென் நின்று, டோலியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லிக் கொண்டிருந்தார். தோற்ற களையே முகத்தில் இல்லை.

மரியாதைக்காரன் காலையிலேயே வந்து சொல்லியிருக்கலாமே... சமமாக நிற்கும்வரை எங்கே போயிருந்தான்?

இன்னொன்றும் உறுத்தியது. வென்னின் ஆட்டுக் கம்பளி வருஷா வருஷம் ஆக்லாந்துக்குக் கப்பலில் போகும். கூட எவனாவது போவான். வென் மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. பாராளுமன்றமோ ஆக்லாந்தில்!

கின்னர்ட் டாக்டரின் காதில் ஏதோ சொன்னான்.

"பொய் சொல்லச் சொல்றியா என்னை?"

"ஒரே ஒரு நிமிஷத்துக்கு. ஒரு பையனோட கழுத்து டாக்டர்."

டாக்டர் பெருமூச்சோடு எழுந்தார்.

"ஒரு திருத்தம். பிளாக்கெட்டுக்கு விழுந்ததுல ஒரு ஓட்டு செல்லாது. இப்ப ரெண்டு பேரும் சமம். என் ஓட்டு வென்னுக்கு. டன்வெல் உறுப்பினர் ஹ்யூகோ வென். நாளைக்கே ஆக்லாந்துக்குக் கப்பல்!"

கூட்டம் கொந்தளித்தது. பத்துக் கைகள் வென்னைத் தோளில் தூக்கின.

"வேண்டாம்... இறக்குங்கடா... என்னை விடுங்கடா!"

உதைத்தார். குதித்தார். எதிரே வந்தவன் முகத்தில் கையிலிருந்த சவுக்கால் அடித்துவிட்டுக் குதிரையை நோக்கி ஓடினார்.

கின்னர்ட் பாய்ந்து சவுக்கைப் பற்றினான். கைப்பிடி நுனியில் ஈயக் குண்டு. தோல் பின்னலுக்குள் இன்னும் காயாத ரத்தம், இரண்டு நரைமுடி...

வென் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பட்டாளத்துலேர்ந்து ஓடி வந்தவன். பேரை மாத்திக்கிட்டு இங்க இருக்கேன். என் பழைய கேப்டன் இப்ப ஆக்லாந்துலதான் இருக்கான். என்னைக் கேக்காமலே மேடையில வேட்பாளரா என் பேரைச் சொல்லிட்டீங்க. வேண்டாம்னா ஏன்னு கேப்பீங்க..."

"டோலி என்னய்யா பண்ணினார்?"

"திரும்பிப் போயிடுன்னு கெஞ்சினேன். கிழவன் கேக்கல. 'உங்களை ஜெயிக்க வைக்காம போகமாட்டேன்'னு சிரிச்சான்."

டோலியின் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கின்னர்ட் ஜெத்ரோவின் விலங்கைக் கழற்றி வென்னுக்கு மாட்டினான். கயிறு வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டான்.

ஜெத்ரோ மணிக்கட்டைத் தேய்த்தான். "மாமா... அந்தச் செல்லாத ஓட்டு யாரோடது?"

"அப்படி ஒன்னு கிடையவே கிடையாது. ஜெயிச்சது பிளாக்கெட்தான்."

பிளாக்கெட் அடுத்த பீர் கேட்டார்.

வென் மெல்லத் தலையைத் தூக்கினார். "அப்ப... நான் ஆக்லாந்து போக வேண்டியதில்லையா?"

"அதெப்படி?" கின்னர்ட் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினான். "பெரிய கோர்ட்டும் அங்கதானே இருக்கு. கப்பல் டிக்கெட்கூட சர்க்கார் செலவு!"